மாதச் சந்தாவா, போட்டோகொப்பியா?

பகடை உருட்டிக் கதைபோல ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட, அதன் இணையத்தளமான டி அண்ட் டி பியோண்டின் மாஸ்டர் சந்தா மாதம் 5.99 டொலர். சந்தா கட்டினால் விதிப்புத்தகம் வராது, அதற்குத் தனிக்காசு. ஒருவர் அங்கே வாங்கிய புத்தகத்தை அவரோடு விளையாடுகிறவர்களும் படிக்கலாம் என்பதுதான் அதன் பெறுமதி. ஒருவர் வவுனியாவில், இன்னொருவர் கனடாவில் என்றால், சரி, கட்டுங்கள்.

கிளிநொச்சியில் ஒரே மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு எதற்கு? 2023இல் யாரும் பகிரக்கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்த எஸ்.ஆர்.டி. 5.1 என்ற விதித்தொகுப்பில் அடிப்படை விதிகள், பல மந்திரங்கள், பல அரக்கர்கள் எல்லாம் இலவசம். சண்டை, மந்திரப் பக்கங்களை மட்டும் போட்டோகொப்பி அடித்தால் போதும். கரண்ட் நின்றாலும் டோர்ச் வெளிச்சத்தில் கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் உயிர்ப்புள்ளியைப் பென்சிலால் வெட்டலாம். அந்தத் தொகுப்பில் வீரன், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஒரே உபவகுப்புதான் உண்டு, அது குறைதான். நான் என்றால் அந்தச் சந்தாக் காசுக்கு நல்ல பகடை வாங்குவேன்.