கவினுக்கு நடுப்பெயர்: வேலா, ஜேம்ஸா, தாத்தாவா, அம்மாவா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ பிள்ளை பிறந்தால், படிவத்தில் பெயருக்கு மூன்று இடம் இருக்கும். ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம். இனிஷியலும் பெயருமாக வளர்ந்த நமக்கு, முதலில் பிள்ளை பெயர், கடைசியில் அப்பா பெயர் என்பது வரை பிரச்சினை இல்லை. நடுவில் என்ன போடுவது என்பதில்தான் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வாட்ஸ்அப்பில் இறங்கிவிடுவார்கள்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பிள்ளை கவின். அப்பா செந்தில்குமார், அம்மா தேன்மொழி. அப்பாவைப் பெற்றவர் ஆறுமுகம், அம்மாவைப் பெற்றவர் ராமலிங்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுப்பெயரைச் சொல்லி யாரும் பிள்ளையைத் தினமும் கூப்பிடப் போவதில்லை. வகுப்பில் டீச்சர் கூப்பிடுவதும் மைதானத்தில் பையன்கள் கத்துவதும் முதல் பெயரைத்தான். நடுப்பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கும், பட்டமளிப்பு விழாவில் ஒரு தடவை ஒலிக்கும். அதனால் ‘அங்கே உள்ளவர்கள் வாயில் நுழையுமா’ என்ற கவலையெல்லாம் முதல் பெயரோடு நிற்கட்டும். நீளமோ கனமோ ழகரமோ உள்ள ஒரு பெயரைத் தைரியமாக வைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான், இதையும் எளிமை எளிமை என்று சொல்லி வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இதை வைத்துப் பார்த்தால் ஆங்கிலப் பெயர் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. கவின் ஜேம்ஸ் செந்தில்குமார். ‘வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்’ என்று சொல்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, அது ஒன்றும் கற்பனைப் பயம் இல்லை. ஆனால் கவின் என்ற பெயரை ஏற்கெனவே பாதிப் பேர் கெவின் என்றுதான் காதில் வாங்குகிறார்கள், பக்கத்தில் ஜேம்ஸையும் வைத்தால் முடிந்தது கதை, கெவின் ஜேம்ஸ் என்று அமெரிக்காவில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகரே இருக்கிறார். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஞானஸ்நானப் பெயர் சொந்த மரபு, கவின் சேவியர் என்பது அழகான பெயர்.

காலியாக விடலாமா? தாராளமாக விடலாம். அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் நடுப்பெயரைச் சட்டப்பூர்வப் பெயரின் பகுதியாகவே கணக்கில் எடுப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டிலும் அதற்குத் தனி இடம் கிடையாது, கிவன் நேமில் முதல் பெயரோடு சேர்ந்துவிடும். கடைசிப் பெயரை மட்டும் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு போனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகி வரும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்காரர்களுக்கு விசிட் விசாவில் கெடுபிடி கொண்டுவந்தது.

அடுத்தது வேல், இனியன், அமுதன், சேரன் மாதிரி சின்னத் தமிழ்ப் பெயர்கள். காதுக்கு இவைதான் சுகம். இங்கே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டியது முக்கியம். கவின் அமுதன் என்று வேகமாகச் சொன்னால் கவினமுதன் என்று தானாகவே ஒட்டிக்கொள்கிறது, கேட்க நன்றாக இருக்கிறது. விமான போர்டிங் பாஸில் முதல் பெயரையும் நடுப்பெயரையும் பெரும்பாலும் இடைவெளி இல்லாமல்தான் அடிக்கிறார்கள், அங்கேயும் இது உறுத்தாது. கவின் நிலவன் அப்படி ஒட்டாது, இரண்டுக்கும் நடுவில் நாக்கு ஒரு நொடி நிற்கிறது. அப்பா பெயர் செந்தில்நாதன் என்றிருந்தால் கவின் அமுதன் செந்தில்நாதன், மூன்றும் ‘ன்’னில் முடிந்து தாளம் போட ஆரம்பித்துவிடும், அதற்கு வேல் எவ்வளவோ மேல். அப்புறம் ஆங்கில முதலெழுத்துகள். ஆதவன் செழியன் செல்வராஜ் என்று தமிழில் கம்பீரமாக இருக்கும் பெயர் பள்ளிக்கூடப் பையில் ஏ.எஸ்.எஸ். ஆகிவிடும். பிரணவ் இனியன் கணேசன் பி.ஐ.ஜி. ஆவான். பிள்ளையைப் பன்னிரண்டு வருஷம் கேலி செய்ய இது போதும், தயவுசெய்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தாத்தா பெயர். நம் மரபில் இதற்குத்தான் பலம் அதிகம். சி.வி. ராமன் பெயரில் உள்ள ‘சி’ அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். அந்தப் பெயரே ராமனின் அண்ணன் மகனுக்கு வந்தது, அவர்தான் 1983-ல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர். 1999-ல் விண்வெளிக்குப் போன சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி வரைக்கும் அந்தத் தாத்தா பெயர்தான் போயிருக்கிறது. கவின் ஆறுமுகம் செந்தில்குமார் என்பதும் நிமிர்ந்து நிற்கும் பெயர்தான். நீளத்துக்குப் பயப்பட வேண்டாம், பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம் உண்டு, நடுவில் ஆறுமுகத்துக்குப் பதில் பாலசுப்பிரமணியம் வந்தால்கூட ஆங்கிலத்தில் 35-க்குள் அடங்கிவிடும். ஒரே எச்சரிக்கை, இனிஷியல் முன்னால் வரும் பழக்கத்தில் தாத்தா பெயரையோ அப்பா பெயரையோ முதல் இடத்தில் எழுதிவிடாதீர்கள். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே ‘விஷி’ என்று கூப்பிடுகிறது, விஸ்வநாதன் அவருடைய அப்பா. இன்னொரு சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது: ஆறுமுகம் என்றால் ராமலிங்கம் ஏன் இல்லை?

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எனக்குத் தெரிந்து அம்மா பெயர்தான். கவின் தேன்மொழி செந்தில்குமார். ‘ஆம்பளைப் பிள்ளைக்குப் பொம்பளைப் பெயரா’ என்று கேட்பார்கள். கவினை யாரும் தேன்மொழி என்று கூப்பிடப் போவதில்லை, அப்பா பெயர் போலவே இதுவும் யார் பிள்ளை என்று சொல்கிற பெயர். ஊரில் இப்போது அம்மா எழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியல் போடும் குடும்பங்கள் நிறைய, தே.செ. கவின் என்றால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதில் கண்ணுக்குத் தெரிகிற லாபமும் இருக்கிறது. அம்மா பாஸ்போர்ட்டில் தேன்மொழி ராமலிங்கம் என்று இருக்கும், பிள்ளை பாஸ்போர்ட்டில் கவின் செந்தில்குமார். இரண்டிலும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. கைக்குழந்தையோடு தனியாக ஊருக்குப் போய்த் திரும்பும் அம்மாவை, அரைத் தூக்கத்தில் அழும் பிள்ளையோடு கவுன்டரில் நிறுத்தி ‘இது உங்கள் குழந்தையா’ என்று கேட்டால் என்ன காட்டுவது? பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் சம்மதக் கடிதமும் எப்படியும் கையில் இருக்க வேண்டும், ஆனாலும் பிள்ளையின் பெயரிலேயே அம்மா இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். பத்து மாதம் சுமந்தவளின் பெயர் மூன்று இடத்தில் ஒன்றில்கூட இல்லாமல் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக என் வரிசையில் அம்மா பெயர் முதலில். பெயர் சொல்ல வேண்டிய தாத்தா ஒருவர் இருந்து, மறுவீட்டுக்கும் அதில் மனஸ்தாபம் இல்லை என்றால் தாத்தா பெயர். அதற்குப் பிறகுதான் வேலும் அமுதனும்.

எதை எடுத்தாலும் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் பதிவுக்கு 42 நாள் உண்டு, ஒன்டாரியோவில் 30 நாள். அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் படிவத்தை நீட்டிவிடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் தெளிவாக எழுதி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையிலேயே போட்டு வையுங்கள். தேன்மொழியின் ‘ழி’ அம்மாவின் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிள்ளைக்கும் வர வேண்டும்.