கிரவுன் ஆயில்: மினரலா, சிந்தெடிக்கா?

பின்சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு: பொலேரோ, ஸ்கார்பியோ, ஈகோ, டாடா ஏஸ், இன்னோவா கிரிஸ்டா வகையறா. இவற்றின் பின் ஆக்சிலில், இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதிலுள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சின்னது பினியன், அவற்றுக்கு ஊற்றுவதுதான் கிரவுன் ஆயில். ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும், தனியாக கிரவுன் ஆயில் கிடையாது.

இந்தத் தை மாதம் என் பொலேரோவுக்கு ஆயில் மாற்றப் போனபோது கடையில் இரண்டு டப்பா எடுத்து வைத்தார்கள். ஒன்று கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த சாதாரண மினரல், 80டபிள்யூ-90. மற்றது ரசாயன முறையில் செய்த முழு சிந்தெடிக், 75டபிள்யூ-90. விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "ஒருவாட்டி ஊத்திட்டா நாலஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம் சார்" என்றார் கடைக்காரர். அந்தத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மினரலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் ஜிஎல்-5 என்ற தரக் குறி இருக்க வேண்டும். பின் ஆக்சிலில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருப்பதால், பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று பலமாகத் தேய்ந்து வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அதனுடையது. கியர்பாக்ஸுக்கு வாங்கிய, அந்தச் சேர்மானம் குறைவான ஜிஎல்-4 மீதம் இருக்கிறதே என்று இங்கே ஊற்றக் கூடாது.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது, பின்னால் இருப்பது சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மைக்கானது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரைக்கும், 80டபிள்யூ மைனஸ் 26 வரைக்கும் ஓடும் தன்மையை இழக்காது என்பதுதான் கணக்கு. ஊட்டியில் உறைபனி விழும் இரவிலேயே பூஜ்யத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. சென்னையில் இருப்பவனுக்கு இந்த வித்தியாசம் எதற்கு? சூடான பிறகு இரண்டும் அதே 90 தான். மைலேஜ் கூடும் என்கிறார்கள். கொஞ்சம் கூடலாம், பொலேரோவில் அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் சீராக ஓட்டுகிறவன் இல்லை.

என்னை மினரல் பக்கம் தள்ளியது ஒரே விஷயம்: கிரவுன் ஹவுசிங்கில், அதாவது இந்தப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் கூட்டில், ஃபில்டர் கிடையாது. இன்ஜினில் பம்ப் ஆயிலைத் தள்ளி ஃபில்டர் வழியாக அனுப்புகிறது. இங்கே பம்பும் இல்லை. கிரவுன் வீல் சுற்றும்போது அடியில் கிடக்கும் ஆயிலை வாரி மேலே அடிக்கிறது, அவ்வளவுதான். பற்களில் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் அந்த ஆயிலிலேயே மிதந்து, பேரிங்குக்குள் போய், திரும்ப வருகிறது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். மற்றது வெளியேற ஒரே வழி, ஆயிலைக் கொட்டுவது. சிந்தெடிக் சூட்டில் சீக்கிரம் கெடாது என்பது உண்மைதான். ஆனால் அதில் சேர்ந்த இரும்பும் தண்ணீரும், ஊற்றிய ஆயில் விலை உயர்ந்தது என்பதற்காகக் காணாமல் போய்விடாது.

தண்ணீர்தான் நம் ஊரில் பெரிய தொல்லை. ஓடிச் சூடான ஆக்சில் தேங்கிய வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை சேற்றில் அடைத்திருந்தாலோ, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, அந்த இடத்தை நிரப்ப ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீரே உள்ளே ஏறும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். ஆக்சில் மூழ்கிவிட்டால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது, உடனே மாற்ற வேண்டும். முழு சிந்தெடிக் ஊற்றி ஆறு மாதம் ஆன வண்டிக்காரர், "இவ்வளவு காசு போட்டோமே" என்று தள்ளிப்போடுவார். மினரல் ஊற்றியவர் தயங்கமாட்டார். அதனால்தான் நான் ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்கு மழை ஓய்ந்த கையோடு, தை மாதத்தில், ஓடிய தூரத்தைப் பார்க்காமல் மாற்றிவிடுகிறேன்.

மாற்றும்போது சமதரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் ஓட்டிச் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிறகுதான் கீழே டிரெயின் போல்ட். மேலே உள்ளது துருப்பிடித்து வராமல் போனால், ஆயிலைக் கொட்டிவிட்டு வண்டியை எடுக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். வரும் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருப்பது சாதாரணம். நகத்தில் நெருடும் சில்லு கிடைத்தால் எந்த ஆயிலும் உதவாது, ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். புது ஆயில், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை போதும். பல வண்டிகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டருக்குள் அடங்கும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். கூடுதலாக அடைத்தால் வீல் சீல் வழியாகக் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போகும்.

சரி, சிந்தெடிக் யாருக்கு? முழு பாரத்தோடு வால்பாறை, கொல்லிமலை என்று தினமும் ஏறி இறங்கும் வேனுக்கு, கேரவன் மாதிரி எதையாவது கட்டி இழுக்கும் வண்டிக்கு அது தகும். நீண்ட சூட்டில் மினரல் சீக்கிரம் தளர்ந்துபோகும். நான் பாரம் ஏற்றி மலை ஓட்டுகிறவன் இல்லை, அந்தப் பக்கம் என் அனுபவம் குறைவு. மலைப்பாதை வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் சிந்தெடிக்தான் போடுகிறார், அவரோடு நான் வாதாடப் போவதில்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கிங் டிஃபரன்ஷியல் உள்ள தார் மாதிரி வண்டிகளுக்கு இந்தக் கணக்கே வேறு, அவர்கள் கையேட்டில் சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

கிரவுன் ஊளையிடுகிறது என்றால் 90-ஐ விடக் கெட்டியான 140 ஆயிலை ஊற்றச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கும். தேய்ந்த பினியன் பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். வண்டியை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது. பழைய பொலேரோ வாங்கப் போனால் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி, விரலை விட்டு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.