முதலில் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி வையுங்கள்: சமையலறைத் தராசு ஒரு மதிப்புரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பாத்திரக் கடைகளில் இட்லிச் சட்டிக்கும் தோசைக் கல்லுக்கும் நடுவில் அட்டைப்பெட்டியோடு ஒதுங்கிக் கிடக்கும் சாமான் இது. கேக் செய்பவர்கள்தான் வாங்குவார்கள் என்று கடைக்காரரே நினைத்துக்கொண்டிருப்பார். 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் துல்லியம், 20 வெள்ளியிலிருந்து 40 வெள்ளிக்குள் விலை. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த வீட்டில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். ஜிம் சந்தா பிறகு வரலாம். மெலிவுக் காப்பி வரவே வேண்டாம். இதயத்துக்குக் கேடு என்று 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ராமின் என்ற எடைகுறைப்பு மருந்தை அந்த மாதிரிக் காப்பிப் பொட்டலங்களில் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது.

தராசு யார் எடையையும் குறைக்காது. நம் வீட்டுச் சமையலில் கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைக் காட்டிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது. "சோத்தக் குறைச்சிட்டேன், இன்னும் எறங்கல" என்று சொல்பவர்களின் அடுப்பருகே பெரும்பாலும் நடப்பது இதுதான்: சோறு குறைந்திருக்கும், தாளிக்கும் எண்ணெய் அப்படியே இருக்கும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. உணவுப் பட்டியல்களில் "ஒரு கரண்டி எண்ணெய்" என்று எழுதியிருப்பது 15 மில்லி, அதாவது 14 கிராம், சுமார் 120 கலோரி. நம் வீட்டு எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் குழிக்கரண்டி 40 மில்லி பிடிக்கும். அதில் ஒன்று ஊற்றினால் 320 கலோரியைத் தாண்டும். மாமாக் கடை ரொட்டி சானாய் ஒன்று ஏறக்குறைய 300 கலோரி. கடையில் ரொட்டியைத் தவிர்த்துவிட்டு, அதே அளவை வீட்டுக் கத்தரிக்காய் வறுவலில் ஊற்றிச் சாப்பிடுகிறோம்.

தராசு வாங்கும் முன்பே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் அரசாங்க உதவித்தொகை எண்ணெய்ப் பொட்டலம் சரியாக 1 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஒரு வாரத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 கிராம், ஏறக்குறைய 320 கலோரி. பத்து நாள் இழுத்தால் 25 கிராம். பொரித்துவிட்டுக் கொட்டும் எண்ணெயைக் கழித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரித்த தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்தால் போதும். இந்த எண்ணைப் பார்த்து நெற்றி சுருங்கினால் தராசு வாங்கலாம்.

எண்ணெயை எடைபோடுவதில்தான் மலிவான தராசுகள் சறுக்கும். காலித் தராசின் எண் காற்றிலும் சூட்டிலும் தானாக நகராமல் இருக்க, மிகச் சிறிய மாற்றங்களைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளும்படி உள்ளே அமைத்திருக்கிறார்கள். அதனால் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் 5, 6 கிராம் விழுந்த பிறகும் திரை 0 என்றே நிற்கும். இதைச் சமாளிக்கத் தலைகீழாக எடைபோட வேண்டும். எண்ணெய்ப் போத்தலையே தராசில் வைத்து, 'டேர்' (TARE) என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்குங்கள். போத்தலை எடுத்து வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். திரையில் -22 என்று வந்தால் 22 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். கிண்ணம் கழுவும் வேலை இல்லை, கிண்ணத்தில் ஒட்டி வீணாவதும் இல்லை. நெய், நல்லெண்ணெய், டின் பால், சீனி எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

டின் பால் என்றதும் தே தாரிக். கடைகளில் விற்கும் டின்களில் பெரும்பாலானவை இப்போது உண்மையான பாலே அல்ல, செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். எதுவானாலும் ஏறக்குறைய பாதி சீனி. 30 கிராம் ஊற்றினால் சுமார் 100 கலோரி. டின்னைத் தராசில் வைத்துவிட்டு வழக்கம்போல் கலக்கிப் பாருங்கள். முதல் நாள் எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வராது. "அண்ணே, தே கூராங் மானிஸ்" என்று கடையில் சொல்வது நல்ல பழக்கம், ஆனால் எவ்வளவு குறைத்தார் என்பது அந்த அண்ணனுக்கே தெரியாது. நிச்சயம் வேண்டுமென்றால் "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள். அதில் பாலும் இல்லை, சீனியும் இல்லை, குழப்பமும் இல்லை.

சோற்றில் எல்லாரும் செய்யும் தவறு வேறு. 100 கிராம் அரிசி சுமார் 350 கலோரி. வெந்தபின் அதுவே 250 முதல் 300 கிராம் சோறாகிவிடும். 100 கிராம் சோறு என்று பார்த்தால் 130 கலோரிதான். கைப்பேசிச் செயலியில் "அரிசி" என்று தேடி, தட்டில் இருக்கும் 200 கிராம் சோற்றை அந்த வரியில் போட்டால் 260-க்குப் பதில் 700 என்று காட்டும். மறுபக்கம் தவறினால் மூன்று பங்கு சாப்பிட்டுவிட்டு ஒரு பங்கு என்று எழுதியிருப்போம். அரிசியாக எடைபோட்டால் அரிசிக் கணக்கு, சோறாகப் போட்டால் சோற்றுக் கணக்கு. நடுவில் மாற்றக் கூடாது. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி, அதில் தலைதட்டிய அரிசி ஏறக்குறைய 150 கிராம். ஒரு கப்பை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 260 கலோரிக்குச் சற்று மேல். இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் சோற்றுக்குத் தராசு தேவைப்படாது.

குழம்புதான் கடினம். பருப்பும் தண்ணீரும் காயும் எண்ணெயும் ஒன்றாகக் கலந்தபின் கரண்டியில் எதை எடைபோடுவது? காலிச் சட்டியை முதலில் எடைபோட்டு, எண்ணைச் சட்டியின் அடியிலோ கைப்பிடியிலோ எழுதிவிட வேண்டும். சட்டி 1,150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பாருக்குப் போட்டது 150 கிராம் பருப்பு (சுமார் 520 கலோரி), 400 கிராம் காய் (120), 30 கிராம் எண்ணெய் (270). மொத்தம் 910. சமைத்து முடித்ததும் சட்டியோடு 3,050 கிராம். சாம்பார் மட்டும் 1,900. ஆக, 100 கிராமுக்கு 48 கலோரி, 120 கிராம் பிடிக்கும் அகப்பைக்கு 58. சாம்பாருக்குப் பயப்படத் தேவையில்லை என்பது இதில் தெரிந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் கறி அப்படியல்ல. 80 கிராம் எண்ணெயும் 400 மில்லி தேங்காய்ப்பாலும் போனால், கோழியைக் கணக்கில் சேர்க்கும் முன்பே 1,500 கலோரி தொட்டுவிடும். தேங்காய்ப்பாலுக்குப் பெட்டியின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் கொழுப்பளவு நிறைய மாறும். எண்ணெய் மேலே மிதப்பதால், மேலாக அள்ளும் கரண்டியும் அடியிலிருந்து அள்ளும் கரண்டியும் ஒன்றல்ல. கிளறிவிட்டு அள்ள வேண்டும், அல்லது ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்து மேலே உறைந்ததை எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் 5 கிலோ தராசின் குறையும் தெரியும். நாலைந்து பேருக்குச் சமைக்கும் கனத்த சட்டி நிறையக் குழம்பு இருந்தால் எளிதில் 5 கிலோ தாண்டி, திரை பிழை காட்டி நின்றுவிடும். பெரிய குடும்பமானால் 10 கிலோ தாங்கும் வகையாக வாங்குவது நல்லது. சட்டியின் வயிறு திரையை மறைக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, பூஜ்ஜியமாக்கி, அதன்மேல் சட்டியை வைத்தால் எண் தெரியும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு வைக்காதீர்கள். சூடு ஏறினால் எண் நகரும், கண்ணாடித் தட்டானால் விரிசலும் விடலாம். நடுவில் ஒரு மரப்பலகையாவது இருக்கட்டும்.

மற்றக் கோளாறுகளில் மிக எரிச்சலூட்டுவது தானாக அணைவது. ஒன்றிரண்டு நிமிடம் தொடாமல் இருந்தால் அணைந்து, பூஜ்ஜியமாக்கிய கணக்கையும் மறந்துவிடும். வெங்காயம் நறுக்கப் போய்விட்டுத் திரும்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அணையும் நேரம் நீளமாக உள்ள வகை கிடைத்தால் நாலைந்து வெள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம். அலகு மாற்றும் பொத்தானும் தொல்லைதான். கை பட்டு அவுன்ஸுக்கோ மில்லிக்கோ போய்விடும். மில்லி என்று காட்டுவது தண்ணீருக்கோ பாலுக்கோ உள்ள கணக்கு. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, அதில் அந்த எண் பொருந்தாது. கிராமிலேயே நிறுத்துங்கள்.

தட்டையான கண்ணாடி வகையில் எடையைத் தாங்குவது அடியில் உள்ள கால்கள். அடியில் துணி விரித்தாலோ, ஒரு கால் மேசை விளிம்பில் நின்றாலோ எண் பொய் சொல்லும். தட்டு தனியாகக் கழலும் வகையில், தட்டுக்கும் உடலுக்கும் நடுவே துருவிய தேங்காயோ அரிசியோ சிக்கினால் எடை குறைவாகக் காட்டும், எறும்பும் வரும். மின்கலம் மூன்று ஏ (AAA) அளவு என்றால் எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். காசு வடிவப் பொத்தான் மின்கலம் என்றால் தீர்ந்த அன்று தேட வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பொத்தான் மின்கலமே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம். பிரிக்காத 1 கிலோ சீனிப் பொட்டலத்தை நடுவில் வைத்துப் பாருங்கள், பிறகு நான்கு மூலைக்கும் நகர்த்துங்கள். உறையின் கனத்தோடு ஆயிரத்துக்குச் சில கிராம் மேலே காட்ட வேண்டும், மூலைக்கு மூலை 2, 3 கிராமுக்கு மேல் மாறக் கூடாது. சிறிய அளவுக்கு வீட்டில் மருந்தகத்து ஊசிக்குழாய் போதும். 10 மில்லி தண்ணீர் 10 கிராம்.

தராசை எவ்வளவு நாள் பயன்படுத்துவது? ஆறு முதல் எட்டு வாரம். அதற்குள் உங்கள் கரண்டி, உங்கள் தட்டு, உங்கள் டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். காலம் முழுக்க மிளகாயைக்கூட எடைபோட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் சண்டைதான் வரும். பிறகு மலேசிய சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டுக்கு மாறலாம்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய், பழம். ஒன்று மட்டும், உருளைக்கிழங்கு மசியல் அந்தக் காய்ப் பாதியில் சேராது.

இறக்கிய எடையை நிறுத்திவைப்பது வேறு வேலை, அதற்கு வேண்டியது குளியலறைத் தராசு. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ இறக்கி ஓராண்டாவது காத்தவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள் என்பதால் அதையே முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, பசியாறும் முன், பளிங்குத் தரையில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் எண்ணைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரியை எழுதுங்கள். 78.4, 78.9, 78.1, 78.6, 78.0, 78.3, 77.9 என்றால் சராசரி 78.3. தீபாவளி விருந்துக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர். உடல் சேமிக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்தே வைத்துக்கொள்ளும். நாலைந்து நாளில் இறங்கிவிடும். கொழுப்புச் சதவீதம் காட்டும் விலை கூடிய தராசுகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பாதம் ஈரமாக இருந்தாலும் தண்ணீர் குடித்தாலும் அந்த எண் ஆடும். அதைவிட 3 வெள்ளித் தையல் நாடா மேல். இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் கீழே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைட் வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். மருந்து கொடுத்த மருத்துவரிடமோ அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானிலோ மருந்தளவைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சாப்பாட்டை எண்ணி எண்ணியே மனம் சோர்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சாமானே வேண்டாம்.

எட்டு வாரம் முடிந்ததும் தராசைக் கொடுத்துவிடாதீர்கள், மின்கலத்தைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். வாரச் சராசரி, நிறுத்திய இடத்திலிருந்து 2 கிலோ ஏறினால் அன்றே திரும்ப எடுக்க வேண்டும். 6 கிலோ ஏறும்வரை காத்திருந்தால் வேலை மூன்று மடங்கு. எடுத்ததும் சோற்றை எடைபோட ஓடாமல் எண்ணெய்ப் போத்தலிலிருந்து தொடங்குங்கள். ஐந்து நாள் ஊற்றியதை எழுதிப் பார்த்தால், கூடுதலாக ஏறிய கணக்கில் பெரும்பங்கு அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.