நாடக பாஸ் என்று சொல்லி 8,400 ரூபாயைப் பறித்துவிட்டார்கள், சென்னையில் இருப்பவர்கள் கவனம்

இன்று மதியம் பாஸ் விற்றவனின் நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. அதற்கு முன் ஒன்பது நாளாக "வந்துடும் சார், வந்துடும்" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன். போனது 8,400 ரூபாய். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா நாடகமும் கச்சேரியும் நடத்தும் ஒரு சபாவில் மெம்பராக இருந்தார். வருஷ சந்தா கட்டினால் மாதம் ஒரு நாடகமாவது உண்டு. ஞாயிறு சாயங்காலம் நங்கநல்லூரிலிருந்து கிளம்பி தி.நகர் வாணி மகாலோ ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவோ போவோம். இடைவேளையில் கேன்டீனில் அப்பா எங்களுக்கு போண்டா வாங்கித் தருவார். அவர் போனபிறகு அம்மா ஒரு நாடகமும் பார்க்கவில்லை. நானும் கூட்டிப்போகவில்லை, வேலை வேலை என்று இருந்துவிட்டேன். இந்த வருஷம் அம்மாவுக்கு 68. எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

இன்ஸ்டாகிராமில் கலை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பக்கம். பெயரை எழுதவில்லை, எழுதினால் நாளைக்கே வேறு பெயரில் வருவான். "ஐந்து சாயங்காலம், ஒரே பாஸ்" என்று போட்டிருந்தான். மூன்று பெரிய அரங்கு, இரண்டு சின்ன மேடை. ஆளுக்கு 4,200. ஒவ்வொரு நாடகத்துக்கும் போஸ்டர், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. அந்த நாடகக் குழுக்களின் பக்கங்களில் போய்ப் பார்த்தேன், அதே போஸ்டர், அதே தேதி. நாடகம் நிஜம் என்றால் டிக்கெட்டும் நிஜம் என்று நினைத்துவிட்டேன். பழைய சபா சந்தா மாதிரியே இருக்கிறதே, எல்லா அரங்குக்கும் சேர்த்து ஒரு சந்தா என்று தோன்றியது.

ஆனாலும் உடனே பணம் அனுப்பவில்லை. போன் செய்து பேசினேன். அங்கேதான் விழுந்தேன்.

அம்மாவோடு வருகிறேன் என்று சொன்னதும் அவன் முதலில் கேட்ட கேள்வி, "அம்மாவுக்கு முட்டி வலி இருக்கா சார்?" இருக்கிறது என்றேன். "அப்போ எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல மேல போக வேணாம் சார். அங்க வரிசை அரைவட்டமா படி மாதிரி ஏறிக்கிட்டே போகும், அம்மா கஷ்டப்படுவாங்க. கீழ ஓரத்துல போட்டுத் தரேன். அப்புறம் அந்த சின்ன மேடைல தரைல பாய் போட்டுத்தான் உக்கார வைப்பாங்க, அம்மாவுக்கு ஒரு நாற்காலி சொல்லி வெச்சிடறேன்."

அரங்குக்குள் போய் உட்காராத ஒருவனால் இப்படிப் பேச முடியுமா? மியூசியம் தியேட்டர் கன்னிமாரா நூலகத்தோடு 1896இல் திறந்த பழைய அரங்கம், உள்ளே அவன் சொன்ன மாதிரிதான் இருக்கும். சின்ன இடங்களில் அறுபது எழுபது பேர் நெருக்கி உட்காருவதும் உண்மைதான். நாடகம் தெரிந்தவன், என் அம்மாவின் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறவன் என்று நம்பினேன். வியாழக்கிழமை ராத்திரி 8,400 ரூபாயை அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு "எங்க அக்கவுண்டன்ட் சார்" என்றான். சரி என்று பின் நம்பரைப் போட்டேன்.

முதல் நாடகம் ஞாயிற்றுக்கிழமை, மியூசியம் தியேட்டரில். அம்மா நாலு மணிக்கே தலை வாரி பூ வைத்துத் தயாராகிவிட்டார். பழவந்தாங்கலில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். வாசலில் நின்ற பெண் க்யூஆர் கோடை மூன்று தடவை ஸ்கேன் செய்து பார்த்தாள். "அங்கிள், இது எங்க டிக்கெட் இல்ல. எங்களோடது வேற மாதிரி இருக்கும்." அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தக் குழுவில் நடிக்கிற கல்லூரிப் பெண் போலிருக்கிறது. எங்கள் பாஸில் ஏ-3, ஏ-4. பின்னால் வந்த தம்பதியின் பாஸிலும் ஏ-3, ஏ-4! கால் மணி நேரத்தில் அதே பாஸோடு நாலு குடும்பம் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு ஹவுஸ்ஃபுல். அந்தப் பெண் பாவம், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, பின்னால் நின்றுகொண்டு பார்ப்பதென்றால் பாருங்கள் என்றாள். அம்மா மாட்டேன் என்றார். "டிக்கெட் இல்லாம உள்ள போகக்கூடாதுடா, அப்பா இருந்தா திட்டுவார்." நாடகம் தொடங்குகிற மணி வெளியே கேட்டது. அப்படியே திரும்பி வந்தோம். ரயிலில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஞாயிறு ராத்திரி போன் எடுக்கவில்லை. திங்கள் காலை, "சர்வர் டவுன் ஆயிடுச்சு சார், ரொம்ப ஸாரி." மதியம், "குழுவுக்காரங்கதான் லிஸ்ட்ட மாத்திட்டாங்க." சாயங்காலம் ஒரு பெண், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனாம். "ரீஃபண்ட் போட்டாச்சு சார், 7 வேலை நாள் ஆகும்." வெள்ளிக்கிழமை கேட்டால், "சனி ஞாயிறு கணக்குல வராது சார்." கோபப்பட்டால் குரலைத் தாழ்த்தி, "அம்மா எப்படி சார் இருக்காங்க" என்று விசாரிக்கிறான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்று ஏழாவது வேலை நாள். காலையில் ஒரு க்யூஆர் அனுப்பினான். அதை ஸ்கேன் செய்து 499 ரூபாய் போட்டு பின் அடித்தால் 8,899 ரூபாயாகத் திரும்பி வருமாம். கை போனில் இருக்கும்போது அம்மாதான் பக்கத்திலிருந்து, "பணம் வாங்கறதுக்கு எதுக்குடா நாம பணம் போடணும்" என்றார். போலீஸுக்குப் போகிறேன் என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் பிளாக்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் அடித்தேன். பொறுமையாகக் கேட்டு, பணம் அனுப்பியதற்கான 12 இலக்க பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். ஞாயிறு ராத்திரியே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்தி வைக்கப் பார்த்திருக்கலாம், இப்போது எத்தனை கை மாறியிருக்குமோ என்றார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த 7 வேலை நாளும் என்னைப் புகார் கொடுக்க விடாமல் உட்கார வைப்பதற்குத்தான். பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பியது, எங்களால் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

பாஸில் மிச்சமிருந்த நாலு சாயங்காலத்தைப் பற்றியும் விசாரித்தேன். அதில் இரண்டு அனுமதி இலவசம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அதற்கும் சேர்த்துத்தான் 8,400 வாங்கியிருக்கிறான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: போஸ்டரில் குழுவே போட்டிருக்கும் நம்பரிலோ லிங்கிலோ அரங்கின் கவுன்ட்டரிலோ மட்டும் டிக்கெட் எடுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்தது தெரிந்த அன்றைக்கே 1930. ரீஃபண்ட் என்று சொன்னால் காத்திருக்காதீர்கள்.

தங்கச்சியின் போனிலிருந்து இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அடுத்த மாதத்துக்கு ஆறு சாயங்காலம் என்று புது பாஸ் போட்டிருக்கிறான். ஆளுக்கு 4,500. கீழே யாரோ, "பெரியவங்களுக்கு முன்வரிசை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.