மதுரையிலிருந்து தஞ்சாவூர்: விராலிமலை வழியா, திருமயம் வழியா?

காலையில் மதுரையில் கிளம்பி இருட்டுவதற்குள் தஞ்சாவூர் போய்ச் சேர வேண்டும், நடுவில் சில ஊர்களில் இறங்கி நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி என்று நான்குவழிச் சாலையை விடாமல் போவது. இன்னொன்று, மேலூரில் பிரிந்து திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம், திருமயம், புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை. இரண்டுமே ஏறக்குறைய 190 கிலோமீட்டர்தான், அதனால் தூரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

திருச்சி வழியில் நிற்காமல் போனால் மூன்றரை மணி நேரம். வண்டி ஓட்டுபவருக்குச் சிரமமில்லை, ஆனால் ஊர்கள் எல்லாம் பாலத்துக்குக் கீழேயும் சர்வீஸ் ரோட்டிலும் போய்விடுகின்றன. இந்த வழியில் நான் கண்டிப்பாக இறங்கச் சொல்வது கொடும்பாளூர். இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் இரண்டு தேவியருக்குமாகக் கட்டிய மூவர் கோயில் அங்கே இருக்கிறது. மூன்றில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். நெடுஞ்சாலையிலிருந்து இத்தனை கிட்டத்தில் இருந்தும் எத்தனையோ பேர் பார்க்காமலே கடந்து போகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அடுத்து விராலிமலை, மயில்களும் முருகனும். அப்புறம் தஞ்சாவூர் வரைக்கும் திருச்சிப் புறநகர், துவாக்குடி, லாரிகள், அவ்வளவுதான்.

திருமயம் வழி மெதுவான வழி. பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், வேகத்தடை, குறுக்கே வரும் டூ-வீலர் எல்லாம் சேர்ந்து நிற்காமல் போனாலே நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் ஊர் பார்க்கத்தானே கிளம்புகிறோம்?

இந்த வழியில் நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் மத்தியானம் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள், பாறையும் கொதிக்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் கூட்டம் சேரும் முன்பே பிள்ளையார்பட்டி. பாறையோடு பாறையாகக் குடைந்த, இரண்டே கை உள்ள கற்பக விநாயகரை நிதானமாகப் பார்க்கலாம். அடுத்து ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் வர்ணக் கற்களுக்குப் பெயர்போன ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வர்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் அந்தக் கல் சூளையே இல்லாமல் கையாலேயே உருவாவதை வேலை நடக்கும் கூடத்தில் நின்று பார்த்தால், அதற்கப்புறம் எந்தச் செட்டிநாட்டு வீட்டுக்குள் போனாலும் கண் தானாகத் தரைக்குத்தான் போகும். அதனால்தான் கானாடுகாத்தானை இதற்கு அடுத்து வைக்கச் சொல்கிறேன். அங்கே செட்டிநாட்டு அரண்மனைக்குள் விடவில்லை என்றாலும் பரவாயில்லை, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அந்த வீடுகளை ஒட்டி நடந்தாலே போதும்.

வெயிலை அங்கேயே கழித்துவிட்டு மூன்றரை மணிக்குத் திருமயம். 1687-இல் ராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. முதலில் கோட்டைக்கு ஏறிவிடுங்கள், இறங்கி வருவதற்குள் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அதை ஒட்டியே இருக்கும் சத்தியகிரீசுவரர் கோயிலும் நடை திறந்திருக்கும். ஒரே மலையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில். இதற்கே ஒரு மணி நேரம் வேண்டும், எனவே ஐந்தாவதாக இன்னொரு ஊரைத் திணிக்காதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்குத் திருமயம் வழிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தாலும் இதே வழிதான். கோட்டை ஏறுவதை மட்டும் விட்டுவிடலாம், மற்றதெல்லாம் தரைமட்டத்தில் பார்க்கக்கூடியது. மதியத்துக்குள் தஞ்சாவூரில் இருந்தாக வேண்டும் என்கிறவர்கள் நான்குவழியில் போய்க் கொடும்பாளூரில் மட்டும் ஒரு அரை மணி நேரம் நிற்கட்டும்.

பழைய கல்லும் ஓவியமும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டையும் கலந்து ஒரு வழி உண்டு. கொடும்பாளூர் பார்த்துவிட்டு விராலிமலையில் நெடுஞ்சாலையை விட்டு இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல், அங்கிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர். சித்தன்னவாசலில் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில் விதானத்தில் ஓவியமாகத் தாமரைக் குளம், அதில் மீன், யானை, பூப்பறிக்கும் ஆள். நிறம் மங்கிக்கொண்டே வருகிறது, ஆகவே தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள்.