கோடைப் பயிற்சி: அர்டுயினோவா, ஊக்கும் செம்புக் கம்பியுமா?

ஏப்ரல் பிறந்ததும் எங்கள் வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரே விசாரிப்பு. "டீச்சர், மே மாதம் எதற்குப் பெயர் கொடுத்தீர்கள்?" கோடை விடுமுறையில் ஐந்து நாளைப் பயிற்சிக்கு எழுதி வைப்பது லேசான காரியம் இல்லை. பிள்ளைகளை அத்தையிடம் விட வேண்டும், மாவரைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், பக்கத்து வீட்டில் பால் சொல்லி வைக்க வேண்டும். இத்தனையும் செய்து கிளம்பிப் போய், இரண்டாம் நாள் மதியம் "இதற்கா வந்தோம்" என்று கொட்டாவி விடக் கூடாது அல்லவா?

நான் திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். முந்தைய ஆண்டு மே மாதம் அர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணு போர்டு), சென்சார் என்று மின்னணுக் கிட்டோடு ஐந்து நாள் போய்வந்தேன். சென்ற மே மாதம், கையில் கிடைக்கும் பொருள்களை வைத்து அறிவியல் செய்யும் பயிற்சிக்கு இன்னோர் ஐந்து நாள். இணையவழிப் பயிற்சிகளை எல்லோரையும் போல நானும் முடித்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு ஊக்குக்கும் செம்புக் கம்பிக்கும்தான். ஆனால் கிட் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

இணையவழியை முதலில் முடித்துவிடலாம். இணையவழிக் கல்விக்கான தீக்ஷா தளம் 2017இல் வந்தது. ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி 2019இல் நேரடி வகுப்பாகத் தொடங்கி, கொரோனாவில் அந்தத் தளத்துக்கு இடம் மாறியது. காணொளி ஒரு பக்கம் ஓடும், அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும், கடைசி வினாவிடையில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். சட்டங்களையும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான வகுப்பறை முறைகளையும் தெரிந்துகொள்ள இது போதும். அந்தத் தொகுப்புகளில் நான் உண்மையாகவே கற்றதும் உண்டு. அறிவியல் செய்முறைக்கு உதவாது. திரையில் சுருள் சுற்றுவதைப் பார்த்தவருக்குச் சுருள் எங்கே முரண்டு பிடிக்கும் என்பது தெரியாது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வரி: பயிற்சியைவிடத் தேநீர் இடைவேளையில் பயன் அதிகம். எந்தப் பள்ளியில் நல்ல நுண்ணோக்கி பூட்டிக் கிடக்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

இனி கிட். அந்த ஐந்து நாளை நான் ரசித்தேன், பொய் சொல்வானேன். முதல் நாள் மதியமே எல்.இ.டி. சிமிட்டியது. மூன்றாம் நாள் போக்குவரத்து விளக்கு. ஐந்தாம் நாள் மீயொலி சென்சார்: வௌவாலைப் போல 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் தூரம் சொல்லும். எதிரொலிப் பாடத்தைப் பத்து ஆண்டு வெறும் சாக்பீஸால் நடத்தியவளுக்கு அது திருவிழா. கிளம்பும்போது நான்கு பெட்டிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜூனில் வகுப்பில் எடுத்து வைத்தேன். முதல் தடங்கல் கணினியில். விலை மலிந்த நகல் போர்டுகளில் யு.எஸ்.பி. இணைப்புக்கு வேறொரு சிப் இருக்கும். அதற்குத் தனியாக டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டும். எங்கள் ஆய்வகக் கணினியில் எதையும் நிறுவ நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டது. அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம். கடைசியில் என் சொந்த மடிக்கணினியைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். நாற்பது பிள்ளைகள், ஒரே திரை.

இரண்டாவது, ஆர்வக்கோளாறு. ஒரு பையன் பொம்மைக் காரின் மோட்டாரைக் கழற்றி வந்து நேராகப் போர்டின் இணைப்பு முனையான 'பின்'னில் செருகிவிட்டான். அந்தப் பின் தாங்குவது உச்சபட்சம் 40 மில்லி ஆம்பியர். பொம்மை மோட்டாரோ நூற்றுக்கணக்கில் இழுக்கும். அந்தப் பின் அதோடு செத்தது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மோட்டாரைக் கண்டால் இணைத்துப் பார்க்கிற பிள்ளைதானே நமக்கு வேண்டும்? அடுத்த வாரம் இன்னொரு குழு சென்சாரின் நேர்முனையையும் எர்த்தையும் மாற்றிக் கொடுத்தது. புகைகூட வரவில்லை, சும்மா சூடாகிப் படுத்துவிட்டது.

நான் இவ்வளவு எழுதுவதே அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான். அந்தச் சென்சாரின் விலை ஏறக்குறைய நூறு ரூபாய். பணம் பள்ளிக்கு வராமல் இல்லை: 100க்கு மேல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கூட்டு மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று விதிமுறை சொல்கிறது. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதியில்தான் சாக்பீஸ், குழாய் ரிப்பேர், மின்விசிறி, பதிவேடு எல்லாம். நூறு ரூபாய்ச் சென்சாருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ரசீது தருகிற கடையைத் தேடித் திருச்சிக்குப் போய் வர பஸ் டிக்கெட்டுக்கே பொருளின் விலை ஆகிவிடும். இணையத்தில் என் காசில் இரண்டு முறை வாங்கினேன். மூன்றாவது முறை வாங்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் நான்கு பெட்டியில் உருப்படியாக இருந்தது ஒன்று. அதையும் "பாழாக்கிவிடாதீர்கள்" என்று நானே பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகள் தொடக் கூடாத பொருளாக அதை ஆக்கியது நான்தான் என்பது பூட்டும்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மே மாதப் பயிற்சியில் முதல் நாள் கொடுத்தவை இரண்டு ஊக்கு, ஒரு பெரிய டார்ச் செல், ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தம், அரக்குப் பூச்சுள்ள செம்புக் கம்பி நான்கு முழம். கம்பியைச் செல்லின் மேலேயே பதினைந்து சுற்று சுற்றி, உருவி, இரண்டு முனைகளையும் எதிரெதிரே நீட்ட வேண்டும். ஊக்குகளைச் செல்லின் இரு முனைகளிலும் ரப்பர் பேண்டால் கட்டி, அவற்றின் காதுகளில் சுருளைத் தொங்கவிட்டு, கீழே காந்தம். சுருள் மோட்டாரைப் போலத் தானே சுற்ற வேண்டும். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு. முதுகலை இயற்பியல் படித்தவளுக்கு இதென்ன பெரிய வித்தை?

முனைகளின் அரக்கைச் சுரண்டினேன், புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு போலப் பளபளவென்று. சுருளை மாட்டினேன். தொட்டில் போல இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. தட்டிவிட்டேன். மறுபடி ஆட்டம், மறுபடி நிறுத்தம். பயிற்சி தந்த கருத்தாளர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அவர், மெல்ல வந்து எட்டிப் பார்த்தார். "ரொம்ப நன்றாகச் சுரண்டிவிட்டீர்கள் அம்மா. அதுதான் கோளாறு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டு முனையும் முழுக்கச் சுரண்டப்பட்டிருந்தால் மின்னோட்டம் நிற்காமல் ஒரே திசையில் பாயும்; சுருள் பாதிச் சுற்று திரும்பியதும் விசை அதைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் ஆட்டம். சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு முனையில் மேல்பாதி அரக்கை மட்டும் சுரண்டினால், தள்ள வேண்டிய பாதியில் மின்னோட்டம் பாயும், இழுக்கப் போகிற பாதியில் தானே அறுபடும். மிச்சத்தைச் சுருளின் வேகம் பார்த்துக்கொள்ளும். மின்காந்தவியல் பாடத்தில், அரைச் சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தின் திசையை மாற்றும் பிளவு வளையத் திசைமாற்றியைப் பதினாறு ஆண்டாகக் கரும்பலகையில் வரைந்தவள் நான். அது எதற்கு என்பது அந்த அரக்கைச் சுரண்டிய அன்றுதான் என் விரலுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து வகுப்பில் செய்தபோது நானும் வாயைத் திறக்கவில்லை. பத்துக் குழுவில் எட்டு, என்னைப் போலவே நன்றாகச் சுரண்டிவிட்டு விழித்தன. கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, வகுப்பில் கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிறவள், அவள் சுருள் மட்டும் ரீங்காரமிட்டுச் சுற்றியது. "எப்படிடா செய்தாய்?" என்றேன். "சுரண்டச் சோம்பலாக இருந்தது டீச்சர், முனைகளில் மேல்பக்கம் மட்டும்தான் சுரண்டினேன்" என்றாள். அன்று அவள்தான் மற்ற ஒன்பது மேசைக்கும் மெக்கானிக்.

பராமரிப்பு என்று வந்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கம்பி தீர்ந்தபோது கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனிடம் கேட்டேன். கழித்துப் போட்ட கம்பியை ஒரு பை நிறையக் கொடுத்தார், ஐந்து பைசா வாங்கவில்லை. காந்தம் பழைய இரும்புக் கடையில். ஊக்கு எந்த அம்மாவின் வளையலிலும். கெட்டுப்போனால் கழற்றிப் பார்க்கலாம், பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். எரிந்த சென்சாரைக் கழற்றினாலும் உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தச் சுருள் ஏறத்தாழ ஷார்ட் சர்க்யூட்தான். செல் வேகமாகத் தீரும், சூடாகும். சுற்றாமல் நின்றால் உடனே கழற்றச் சொல்ல வேண்டும். பத்துக் குழுவுக்குச் செல் வாங்குவது என் பர்ஸிலிருந்துதான் போகிறது. காந்தம் கீழே விழுந்தால் உடையும். அந்தப் பயிற்சியில் கணிதத்துக்குக் கொடுத்தவை பெரும்பாலும் காகித மடிப்பு. பத்தாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சொற்பம். உயிரியல் பரவாயில்லை: ரியோ என்ற அழகுச் செடியின் இலைக்கு அடியில் நெயில் பாலிஷ் தடவி உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளை பார்த்தோம்.

கிட் பயிற்சியே வேண்டாம் என்று இதைப் படித்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். என் அனுபவம் நான்கு பெட்டி, ஒரு கல்வியாண்டு, அவ்வளவே. உங்கள் பள்ளியில் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் கணக்கே வேறு. அந்தத் திட்டத்தில் 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பாதி நிறுவுவதற்கு, பாதி ஐந்தாண்டு வரை நடத்துவதற்கு. எரிந்த சென்சாரை மாற்றப் பணம் அங்கே உண்டு. அந்த ஐந்தாண்டுக்குப் பிறகு என்ன என்பதை அங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும். மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கும் என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பிளஸ் டூ பிள்ளைக்கு நிரல் எழுதுகிற பழக்கம் பின்னாளில் கைகொடுக்கும்.

போட்டிகள் என்று பார்த்தால், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எளிய பொருள் பயிற்சி நேராக உதவியது. அங்கே உள்ளூர்ச் சிக்கலை எடுத்து ஆய்வு செய்வதுதான் கேட்கப்படுகிறது, பளபளப்பு இல்லை. எங்கள் பிள்ளைகள் ஊர்க் கிணறுகளின் நீரைச் செம்பருத்திச் சாற்றால் சோதித்தார்கள். மாணவரின் புது யோசனைகளுக்குத் தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு, தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் வருவதால், மின்னணுக் கருவி செய்யும் யோசனை இருந்தால் கிட் தெரிந்திருப்பது நல்லது. ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கு இன்னொரு வழி: 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் பள்ளிக்கே பொருளோடு வருவார்கள். அன்று வேறு வேலையில் உட்காராமல் கூடவே நின்று பாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

எதற்குப் பெயர் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் நடத்துபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "ஐந்தாம் நாள் தருகிற பொருள் கெட்டால் எங்கே போவது?" நான் கிட் பயிற்சிக்குப் போனபோது இதைக் கேட்கவில்லை. சென்ற முறை கேட்டேன். கருத்தாளர் யோசிக்கவே இல்லை. "உங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை இருக்கிறதா அம்மா?" என்றார்.

அந்தக் கடைசி போர்டு பீரோவில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு எதிரொலிப் பாடம் வரும்போது ஒரு நாள் வெளியே எடுப்பேன். மோட்டாரோடு வந்த பையன் இப்போது பத்தாம் வகுப்பில். போர்டு அவன் கையில்தான்.