அங்கரேஜ் தந்தக் கைவினைக் கடை: எந்தத் தந்தம் என்று கேட்டு வாங்குங்கள்

தந்தம் என்றாலே நமக்கு யானைதான், ஆனால் அலாஸ்காவில் யானைக்கு வேலையே இல்லை. அங்கரேஜில் நான் போன இந்தக் கடையில் இருப்பது பெரும்பாலும் வால்ரஸ் என்ற பெரிய கடல் விலங்கின் தந்தம், அதிலும் இரண்டு வகை: இப்போது வேட்டையாடியதிலிருந்து வரும் வெள்ளை, அப்புறம் செயின்ட் லாரன்ஸ் தீவு மாதிரி இடங்களில் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து தேன் நிறமும் கரும்பழுப்புமாக மாறிய பழையது. மூன்றாவது, யானையின் அழிந்துபோன உறவான மாமத்தின் தந்தம்.

நான் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சீல், அதாவது கடல்நாய்ச் சிற்பம். வால்ரஸ் தந்தத்தின் நடுப்பகுதி ஜவ்வரிசி வெந்த மாதிரி புள்ளிபுள்ளியாக இருக்கும், செதுக்கியவர் அந்தப் பகுதி சரியாகச் சீலின் முதுகில் வரும்படி துண்டைத் திருப்பியிருக்கிறார், அதனால் அதன் உடம்புப் புள்ளிகளை யாரும் வரையவே தேவைப்படவில்லை. கண்களுக்குப் பலீன், அதாவது திமிங்கலத்தின் வாய்க்குள் சல்லடை மாதிரி இருக்கும் தகடு. அடியில் அவர் பெயரும் சவூங்கா என்று ஊரும். அவ்வளவு அழகு, கொடுத்த காசு தகும்.

வால்ரஸ் சிற்பம் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. 1972 கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி அலாஸ்கா பூர்வகுடியினர் மட்டுமே வேட்டையாடலாம், இறைச்சி ஊருக்கு உணவு, செதுக்கிய தந்தத்தை யாருக்கும் விற்கலாம். மாமத் கதை வேறு. அழிந்துபோன விலங்கு என்பதால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது, யார் வேண்டுமானாலும் செதுக்கலாம். ஆகவே மாமத் தந்தம் அசலாக இருந்தாலும் அது பூர்வகுடியினர் கைவேலைதான் என்று ஆகிவிடாது.

கடை சறுக்குவது இங்கேதான். கல்லா பக்கத்துத் தட்டில் இருக்கும் பதக்கங்களில் வெறும் 'தந்தம்' என்று சீட்டு. கேட்டால் மாமத் என்கிறார்கள், செதுக்கியது யார் என்பதற்குப் பதில் இல்லை. கைவேலையை நம்பி வருகிறவர்களிடம் இப்படி விற்பது சவூங்காக்காரருக்குச் செய்யும் அநியாயம். சில்வர் ஹேண்ட் முத்திரை அலாஸ்கா பூர்வகுடிக் கலைஞர்களுக்கு மட்டுமே உரியது, அதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, வால்ரஸ் தந்தத்தை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். கலிபோர்னியாவில் 2016 முதல் வால்ரஸ், மாமத் இரண்டையுமே விற்கத் தடை. கடையில் இதையெல்லாம் தானாக யாரும் சொல்லவில்லை, ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் பில் போடும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.